பதினாறு பை மல்லிகை

"உங்க பேரு இந்தக் கார்டுல இல்லையேம்மா" என்று கிதர் முகம்மது சொன்னபோது, ரீனா அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

"நல்லாப் பாருங்கண்ணா. ஆயக்குடி மரியராஜ், அவருதானுங்க எங்கப்பா. அந்த ரேஷன் கார்டுல நாங்க ரெண்டே பேருதானுங்க. அதுல ஒருத்தியக் காணோம்னா எப்படிங்க?"

"காணோம்தாம்மா. அவரு மட்டும்தான் இருக்காரு. உங்க பேரை நீக்கி ஒரு வாரம் ஆச்சு."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்தது கிதர் முகம்மதுவின் கணினி மையம். பக்கத்து நாற்காலியில் நாத்தனார் அனிஷா, தன் விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்கான தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தாள். அந்த விசிறல் சட்டென்று நின்றது.

வேலையில்லாத பட்டதாரிகளுக்கு ஆறு மாதம் இலவசமாக கம்ப்யூட்டர் புரோகிராமிங் கற்றுத் தரும் பயிற்சி அது. நாற்பது இடங்கள். படிப்பு முடிந்ததும் வேலைக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். விதிகள் இரண்டுதான். வகுப்பு தொடங்கும் நாளில் இருபத்தேழு வயது நிறைந்திருக்கக் கூடாது. ஒரு தடவைக்கு, ஒரு ரேஷன் கார்டிலிருந்து ஒருவர்தான் சேரலாம்.

முதல் விதியில் ரீனா மயிரிழையில் தப்பினாள். வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் அவளுக்கு இருபத்தேழு நிறைகிறது. அடுத்த தடவைக்கு இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வயது போய்விடும். அவளுக்கு இது முதல் வாய்ப்பு. கடைசி வாய்ப்பும் இதுதான்.

இரண்டாவது விதியைப் பற்றி இருவரும் கவலைப்படவே இல்லை. ரீனாவுக்குக் கல்யாணமாகி இந்த ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் மாமியார் அமலராணி அவள் பெயரைத் தங்கள் கார்டில் சேர்த்திருக்கவில்லை. ஒரே ஒரு முறை ரீனா மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு அமலராணி பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பூத்தொடுக்கும் பெண்கள் "இன்னுமா உன்னையக் கார்டுல சேக்கல?" என்று கேட்கும்போதெல்லாம் ரீனாவுக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும். ஆனால் காலையில் பஸ்ஸில் வரும்போது அனிஷா அதையே சொல்லிச் சிரித்தாள்: "எங்கம்மா சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு போடுங்க மதினி. நீங்க உங்கப்பா கார்டு, நான் எங்கம்மா கார்டு. ரெண்டு பேரும் ஒண்ணாவே போகலாம்."

இப்போது கிதர் முகம்மது, எதற்கும் பார்ப்போம் என்று அமலராணியின் கார்டு எண்ணைத் தட்டினார். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அமலராணி, குடும்பத் தலைவி. செபஸ்தியான். ரொனால்டு. அனிஷா. கடைசியாக, ரீனா. உறவுமுறை: மருமகள்.

ரீனா அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவள் ஏங்கிய சொல். வந்த நேரத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அனிஷாவுக்கு இந்தக் கார்டுல ஏத்தியாச்சு. ரெண்டாவது ஆளை இது வாங்காது" என்றார் கிதர் முகம்மது வருத்தத்தோடு. "அதை ரத்து பண்ணிட்டு இதைப் போடலாம். ஆனா ரத்து பண்ண ஒரு ஓடிபி, புதுசாப் போட ஒரு ஓடிபி, ரெண்டும் குடும்பத் தலைவி போனுக்குத்தான் போகும். நாளைக்கு மதியம் பன்னெண்டு மணிக்கு மூடிருவாங்க, பாத்துக்கங்க."

"ரத்தெல்லாம் வேண்டாமுங்க. அவ போகட்டும்" என்று ரீனா எழுந்துகொண்டாள்.

திரும்பும்போது ரொனால்டின் பஸ். வத்தலக்குண்டு போகும் தனியார் பஸ்ஸில் அவள் கணவன் கண்டக்டர். ரீனா தன் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு வார்த்தை கிறுக்கிக் கொடுப்பது அவன் வழக்கம். அடுத்தவர் முன்னால் மனைவியோடு பேசக் கூச்சம் அவனுக்கு. கல்யாணமான புதிதில் "சாப்டியா" என்று எழுதுவான். போன மாதம் ஒரு நாள் "அந்தச் சேலை" என்று மட்டும் எழுதியிருந்தான். இப்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு "என்னாச்சு" என்று எழுதி நீட்டினான். ரீனா அதை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கணக்கில் பட்டம் வாங்கிய பெண் அவள். அப்பா அடுத்தவர் கொய்யாத்தோப்பில் காய் பறித்துப் படிக்க வைத்தார். அவள் பாடம் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தை மூடி மூன்று வருடமாகிறது. 'என்ன பண்ற' என்று யாராவது கேட்டால் 'சும்மாதான் இருக்கேன்' என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

செம்பட்டிக்கு முன்பே இறங்கி, தோட்டத்து வீட்டுக்கு நடந்தார்கள். வாசலில் நாளைய பறிப்புக்குப் பைகளை உதறிக்கொண்டிருந்த அமலராணி மருமகளின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய், பைபிளுக்கு அடியில் வைத்திருந்த ஒரு காகித உறையை எடுத்துவந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கல்யாண நாளைக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். உன் மூஞ்சி இம்புட்டு வாடிக் கெடக்குறதப் பாத்தா மனசு கேக்கல. இந்தா, பிரிச்சுப் பாரு தாயி."

உறைக்குள் இருந்தது பெயர் சேர்த்த தாள். ரீனா என்ற பெயருக்கு நேராக யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். யாரோ என்ன, அமலராணிதான்.

"உங்கப்பாதான் போன மாசம் பேர் நீக்குறதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. 'இனி அவ உங்க வீட்டுப் பொண்ணு, கார்டுலயும் இருக்கட்டுமுங்க'ன்னாரு. நான் ரெண்டு வருசமா ஏன் இழுத்தடிச்சேன்னு நெனச்ச? அவரு ஒத்தையில கெடக்காரு. உன் பேரை எடுத்தா அவருக்கு வர்ற அரிசி கொறஞ்சுபோகுமேன்னுதான். ஊர்ப் பொம்பளைக என்னையக் கொடுமைக்கார மாமியாருன்னு பேசுனாளுக. பேசுறவளுக பேசட்டும்னு இருந்துட்டேன்."

ரீனா அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தடவினாள். இந்த மனுஷியையா இவ்வளவு நாளும் மனசுக்குள் குறை சொன்னோம்? "சந்தோசமுங்க அத்தை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

"ஏத்தா, சந்தோசத்துல அழுகுறவ இப்பிடியா அழுவா?"

"அம்மா!" என்று அனிஷா தலையில் அடித்துக்கொண்டாள். "நீ நல்லது பண்றதா இருந்தா அடுத்த வாரம் பண்ணக் கூடாதா?"

பிறகு அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டே வந்த அமலராணி பைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமனார் செபஸ்தியான் வாளியைக் கீழே வைத்தார். மனுஷர் அதிகம் பேச மாட்டார். "சரி, இப்ப என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்க" என்றார்.

"என்னோடத ரத்து பண்ணிட்டு மதினியோடதப் போடலாம்" என்றாள் அனிஷா. "எனக்கு இருபத்தொண்ணு. இன்னும் ஆறு வருசம் இருக்கு. இவங்க வகுப்பு ஆரம்பிச்சுப் பன்னெண்டு நாள்ல கிழவி."

"அனிஷா, வேண்டாம் கண்ணு. நீ கம்ப்யூட்டரே படிச்சவ. உன்ர எடத்துல நான் போயி உக்காந்தா எனக்கு ஒட்டாதுங்..." பாதியிலேயே ரீனாவுக்கு வார்த்தை நின்றது.

"பாருங்க, பதட்டத்துல என்னையும் 'ங்க' போட்டுப் பேசுறாங்க. மதினி, நான் ஒண்ணும் தியாகி இல்ல. நீங்க அங்க படிக்கிறத தெனமும் வந்து எனக்குச் சொல்லிக் குடுக்கணும். ஆறு மாசம் கழிச்சு நான் போறப்ப வகுப்புல முத ஆளா நிப்பேன். கணக்குன்னாலே எனக்குக் காய்ச்சல் வரும்னு உங்களுக்குத் தெரியாதா? இதுல லாபம் எனக்குத்தான்."

ரீனா மறுபடி மறுக்கப் போனாள். அமலராணி கையை உயர்த்தினாள்.

"அந்த நம்பரு எவ போனுக்கு வரும்? எம் போனுக்குத்தான? அப்ப முடிவும் நாந்தான் சொல்லணும். ஒருத்திக்கு வயசு இருக்கு, ஒருத்திக்கு இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு? காலையில பூவ எடுத்து அனுப்பிட்டு நானே திண்டுக்கல்லுக்கு வாரேன். போங்க, போயி வெஞ்சனத்துக்கு வெங்காயத்த உரிங்க."

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மறுநாள் இருட்டு பிரியும்போதே பறிப்பு தொடங்கிவிட்டது. கோடை மல்லிகை காத்திருக்காது, மொட்டாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காத நாட்களில் பக்கத்துப் பக்கத்து ஐந்து தோட்டத்துப் பெண்களும் ஒன்றாகச் சேர்ந்து, ஒவ்வொரு தோட்டமாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இடுப்பில் பழஞ்சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு, அதில் மொட்டுகளைப் போட்டு, மடி நிறைந்ததும் கிட்டத்தில் எந்தப் பை இருக்கிறதோ அதில் கவிழ்ப்பார்கள். அமலராணி ஐந்து தோட்டத்திலும் எடுத்தாள். அன்றைக்கு அவள் கை செடியில் இருந்தது, நினைப்பெல்லாம் பன்னிரண்டு மணியில் இருந்தது. ஒன்பது மணிக்குப் பதினாறு பைகள் ரொனால்டின் பஸ்ஸில் ஏறிப் பூ மார்க்கெட்டுக்குப் போயின. அடுத்த பஸ்ஸில் மூன்று பெண்களும் போனார்கள்.

கிதர் முகம்மது விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். மணி பதினொன்று. "அனுப்பட்டுமா? அம்மா, போன எடுத்துக்கங்க."

அமலராணி இடுப்பைத் தடவினாள். சுருக்குப்பையைப் பார்த்தாள். மறுபடி இடுப்பைத் தடவினாள்.

"ஏசுவே" என்றாள்.

"என்னம்மா?" என்றாள் அனிஷா.

"பூ எடுக்குறப்ப மடியில வச்சிருந்தேன். கவுக்குறதுக்கு முன்ன எப்பவும் வெளிய எடுத்து வச்சுருவேன். இன்னைக்கு…"

அனிஷா அம்மாவை முறைத்தாள். "பூவோட பூவாக் கொட்டிட்டியா?"

"வேற நம்பருக்கு மாத்த முடியாதுங்களா அண்ணா?" என்று கேட்டாள் ரீனா.

"மாத்தலாம். நாலு நாள் ஆகும்" என்றார் கிதர் முகம்மது.

ரீனா அடுத்த நிமிடமே சந்தில் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் அனிஷா. அவளுக்குப் பின்னால் ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு அமலராணி.

பூ மார்க்கெட் இரைச்சலில் அதிர்ந்துகொண்டிருந்தது. முருகேசனின் கமிஷன் கடை முன்னால் அவர்கள் ஊர்ப் பைகள் பதினாறும், ஈரத்துணி போர்த்தி, வாய் கட்டி, வரிசையாக இருந்தன. இன்னும் எடை போடவில்லை. ரீனா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கு? பதினாறு பையையும் அவுத்துக் கையை விட்டுத் துழாவணுமா?" என்று முருகேசன் சீறினார். "கை பட்டுச்சுன்னா பூ கறுத்துப்போகும். அஞ்சு வீட்டுப் பூவு. யாருக்கு யாரு பதில் சொல்றது? எந்தப் பைன்னு சொல்லு, அவுத்துத் தாரேன்."

"அது தெரிஞ்சா நாங்க ஏன் ஓடி வாரோம்?" என்றாள் அனிஷா. "மதினி, போன் போடுங்க. எங்க சத்தம் வருதுன்னு காது குடுத்துப் பாப்போம்."

"ரிங்கு எவ்ளோ சத்தமா வரும்?" என்று கேட்டாள் ரீனா.

அனிஷா உதட்டைக் கடித்தாள். "நேத்து கோயிலுக்குப் போறப்ப நாந்தான் கம்மியா வச்சேன். குயில் கூவுற மாதிரி வரும். சின்னக் குயிலு."

"சார்ஜுங்க அத்தை?"

"நேத்து கரண்டே இல்லையே. விடியுறப்ப மணி பாத்தேன், ஒரே ஒரு கோடு இருந்துச்சு."

ரீனா பைகளைப் பார்த்தாள். இந்த இரைச்சலில் ஒவ்வொரு பையிலும் காதை வைத்துக் கேட்பதென்றால் பதினாறு தடவை அழைக்க வேண்டியிருக்கும். ஒற்றைக் கோடு அதுவரை தாங்காது. நாலைந்து அழைப்பு தாங்கினாலே பெரிது. நாலைந்து அழைப்பில் பதினாறு பை… சட்டென்று அவள் நிமிர்ந்தாள். பையைத் தேடினால்தானே பதினாறு? போன் இல்லாத பைகளை ஒதுக்கிக்கொண்டே போனால்?

"அண்ணா, அந்த ரூமுக்குக் கதவு இருக்குங்களா?" கடைக்குப் பின்னால் ஐஸ் பெட்டி வைக்கும் சின்ன அறையைக் காட்டிக் கேட்டாள்.

"இருக்கு. ஏன், பூவ உள்ள வச்சு விசாரிக்கப் போறியா?"

"ஆமாங்க. எட்டுப் பைய உள்ள வச்சுக் கதவைச் சாத்துவோம். அனிஷா உள்ள நிக்கட்டும். நான் கூப்பிடுறேன். குயில் கூவுனா அந்த எட்டுல இருக்கு, இல்லீன்னா வெளிய இருக்குற எட்டுல இருக்கு. அப்புறம் அதுல பாதி. ஒரு பையையும் அவுக்க வேண்டியதில்லீங்க."

முருகேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காக்கிச் சட்டையோடு ரொனால்டு வந்துவிட்டான். அடுத்த நடைக்கு முன் பத்து நிமிட ஓய்வில், ஓடிவந்த அம்மாவை பஸ் ஸ்டாண்டு முனையில் பார்த்திருக்கிறான். "எந்தப் பைய எங்க வைக்கணும்?" என்று மட்டும் கேட்டான். மனைவி சொல்லச் சொல்ல எட்டுப் பைகளும் உள்ளே போயின. கதவு மூடியது.

முதல் அழைப்பு. இரண்டு முறை மணி அடிக்க விட்டு ரீனா துண்டித்தாள்.

"ஒண்ணுமே கேக்கல மதினி!"

"நல்லதுதான். அந்த எட்டுல இல்ல. எல்லாத்தையும் வெளிய எடுங்க. மத்த எட்டுல நாலை உள்ள வைங்க."

இரண்டாவது அழைப்பு. கதவுக்குப் பின்னாலிருந்து அனிஷாவின் அலறல் மார்க்கெட் இரைச்சலையும் மீறி வந்தது. "கூவுது! கூவுது!"

"அந்த நாலுதான். அதுல ரெண்டை வெளிய எடுத்துருங்க."

பக்கத்துக் கடைக்காரர்கள் எடைக்கல்லை வைத்துவிட்டுக் கூடிவிட்டார்கள். அமலராணி சிலுவை போட்டுக்கொண்டாள். முருகேசன் தானே போய் ஒரு பையைத் தூக்கினார். மூன்றாவது அழைப்பு. உள்ளே சத்தமில்லை.

"அப்ப வெளிய எடுத்த இந்த ரெண்டுல ஒண்ணு" என்றாள் ரீனா. நாலாவது முறையாக அழைத்தாள். 'தாங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றது போன். ஒற்றைக் கோடு தீர்ந்துவிட்டது.

எல்லாரும் முருகேசனைப் பார்த்தார்கள். அவர் இரண்டு பைகளையும் பார்த்தார், ரீனாவையும் பார்த்தார்.

"பதினாறுன்னா முடியாதுன்னேன். ரெண்டுன்னா நானே அவுக்குறேன்" என்று முடிச்சை இழுத்தார். முதல் பையில் கையைப் பட்டும் படாமலும் விட்டுப் பார்த்தார். இல்லை. இரண்டாவது பையில் முழங்கைவரை விட்டவர் முகம் மலர்ந்தது. மல்லிகை மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய பட்டன் போனை அவர் உயர்த்திப் பிடித்தபோது மார்க்கெட்டில் ஒரு விசில் பறந்தது.

மணி பதினொன்று நாற்பது. சார்ஜ் போட நேரமில்லை. ரொனால்டு நகத்தாலேயே போனைப் பிளந்து சிம்மை எடுத்து ரீனாவின் போனில் போட்டான். அவன் தலையில் இரண்டு மொட்டு ஒட்டியிருந்தது. ரீனா எடுத்துவிட்டாள். "பஸ்ஸு கெளம்பிரும்" என்று அவன் ஒரு பக்கம் ஓடினான். அவர்கள் கிதர் முகம்மதுவின் சந்துக்கு ஓடினார்கள்.

முதல் எண் வந்தது. அமலராணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். 'ரத்து செய்' என்ற பொத்தானில் கிதர் முகம்மதுவின் கை தயங்கியது. அனிஷா எட்டி, தானே அமுக்கினாள். பிறகு ரீனாவின் பக்கம் திரும்பி, "தெனமும் ஒரு மணி நேரம். மறந்துராதீக" என்றாள். இரண்டாவது எண் வருவதற்குள் ரீனாவுக்கு ஒரு யுகம் போயிற்று. வந்தது. படித்தாள் அமலராணி. திரையில் பச்சை நிறத்தில் 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு.

"நாலு நிமிசம் மிச்சம் இருக்கே, அதுக்குள்ளயா முடிச்சுட்டீக?" என்றார் கிதர் முகம்மது.

ஒன்பது நாள் கழித்து நேர்காணல். வெளியே காத்திருந்தவர்களெல்லாம் கோடிங், புராஜெக்ட் என்று பேசிக்கொண்டதைக் கேட்டு ரீனா பயந்துபோனாள். உள்ளே பயிற்சித் தலைவி தமிழ்மதி அவள் தாளைப் புரட்டினாள்.

"புரோகிராம் ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"மூணு வருஷமா வேலையில்ல. கம்ப்யூட்டரும் தொடல. சரி. சமீபத்துல ஏதாவது ஒரு சிக்கலைப் படிப்படியா யோசிச்சுத் தீர்த்திருந்தா சொல்லுங்க."

ரீனா மல்லிகைப் பையிலிருந்து தொடங்கினாள். சொல்லச் சொல்ல பயம் போய்விட்டது. எட்டு, நாலு, இரண்டு என்று கையை விரித்துக் காட்டினாள். தமிழ்மதியின் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பதினாறு பைக்கு நாலு அழைப்பு. முப்பத்திரண்டு பை இருந்தா?"

"அஞ்சுங்க மேடம். பை ரெண்டு மடங்கானா ஒரு அழைப்புத்தான் கூடும்."

"ஆயிரம் பை இருந்தா?"

ரீனா விரல்களை மடக்கினாள். பத்து விரலும் மடங்கின. "பத்துக்குள்ள முடிஞ்சிருமுங்க. ஆனா எங்க அத்தை போன்ல அவ்ளோ சார்ஜ் இருக்காதுங்க."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "இப்படித் தேடுறதுக்கு எங்க பாடத்துல ஒரு பேரு இருக்கு" என்றாள் தமிழ்மதி. "முதல் மாசத்துலயே வரும். பாப்பீங்க."

'பாப்பீங்க' என்ற அந்த ஒரு வார்த்தையை ரீனா வீடு வரை பத்திரமாகக் கொண்டுவந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பறந்துவிடுமோ என்று பயம்.

முடிவும் குடும்பத் தலைவியின் போனுக்குத்தான் வந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமலராணி போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணி, பறிப்பு பாதியில் இருந்தது. குயில் கூவியது. முழுச் சத்தத்தில். அமலராணி செடி மறைவில் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். பிறகு ஐந்து தோட்டத்துக்கும் கேட்கிற மாதிரி குரல் எழுப்பினாள்.

"ஏ, எல்லாரும் கேட்டுக்கங்கடி! நாப்பது பேருல மொத ஆளா எடுத்துருக்காக! யாரைத் தெரியுமா? எம் மருமகள! எங்க கார்டுல இருக்கா பாரு, அவளைத்தான்!"

மடி நிறைய மொட்டோடு நின்ற ரீனாவை அனிஷா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மொட்டெல்லாம் மண்ணில் சிதறின. எப்போதும் ஒரு பூ சிந்தினாலும் திட்டுகிற அமலராணி அன்றைக்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆயக்குடிக்குப் போன் போட்டபோது அப்பா மரியராஜ், "பேரை எடுத்துக் குடுத்தது தப்பாப் போச்சோன்னு இத்தனை நாளா எனக்குத் தூக்கமில்லீங் கண்ணு. இன்னைக்குத்தான் நல்லாத் தூங்குவேன்" என்றார்.

வகுப்பு தொடங்கிய திங்கட்கிழமை ரீனா புதுச் சேலை கட்டிக்கொண்டு, புது நோட்டும் கையுமாக ரோட்டுக்கு வந்தாள். வழியனுப்ப வந்த அனிஷா கையிலும் ஒரு புது நோட்டு. சாயங்காலப் பாடத்துக்காம். பெண்களுக்கு இலவசமான அரசு டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது.

"இதுல போனா டிக்கெட்டே இல்ல மதினி. ஏறுங்க."

"அடுத்ததுல போறேன்."

"தெரியுமே!" என்று அனிஷா கண்ணைச் சிமிட்டினாள்.

அடுத்த பஸ்ஸில் ரொனால்டு தொங்கிக்கொண்டு வந்தான். ரீனா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கூட்டத்தில் புகுந்து வந்து, யாருக்கோ கொடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு டிக்கெட்டை நீட்டினான். பின்பக்கம் வழக்கமான ஒற்றை வார்த்தையைத் தேடினாள். இன்றைக்கு ஒரு முழு வரி இருந்தது.

'சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸுல உனக்கு எடம் போட்டு வச்சிருப்பேன், என்ன படிச்சன்னு வந்து சொல்லு.'

ரீனா தன் புது நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் அந்த டிக்கெட்டை வைத்து மூடினாள். பஸ் திண்டுக்கல்லை நோக்கி வேகமெடுத்தது.